வீட்டு மரத்தை வெட்டலாமா? ரொறன்ரோ, மார்க்கம், மிசிசாகா, பிரம்டன் விதிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்டீல்ஸ் அவெனியூவுக்குத் தெற்கே ரொறன்ரோவின் ஸ்காபரோ, வடக்கே மார்க்கம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி மேப்பிள் மரங்கள். ஆனால் 25 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஒரு மரம் தெற்குப் பக்கத்து வளவில் நின்றால் பெரும்பாலும் யாரையும் கேட்காமல் வெட்டலாம். அதே மரம் வடக்கே நின்றால் அனுமதி வேண்டும். "மார்க்கத்தில இருக்கிற மச்சான் வெட்டினவர்", "மிசிசாகாவில ஒண்டும் கேக்கிறேல்லையாம்" என்று தொலைபேசியில் கிடைக்கும் அறிவுரைகளை நம்பி வாளை எடுப்பதற்கு முன் இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

என் காணி, என் மரம். நகரசபை ஏன் தலையிடுகிறது?

மரங்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை மாகாணம் நகரங்களுக்குக் கொடுத்திருக்கிறது. ஒன்ராறியோவின் 2001ஆம் ஆண்டு மாநகரசபைச் சட்டம், பிரிவு 135 அதைத்தான் சொல்கிறது. ரொறன்ரோவுக்கு மட்டும் 2006இல் வந்த தனிச் சட்டம் ஒன்று உண்டு. எந்தப் பருமனிலிருந்து கட்டுப்பாடு, எவ்வளவு தண்டம் என்பதையெல்லாம் ஒவ்வொரு நகரமும் தானே தீர்மானிக்கலாம். பக்கத்துப் பக்கத்து நகரங்களில் வேறு வேறு விதி இருப்பதற்குக் காரணம் இதுதான்.

காரணம் கேட்டால் கணக்கைக் காட்டுவார்கள். 2018இல் எடுத்த அளவீட்டின்படி ரொறன்ரோ நிலப்பரப்பில் ஏறக்குறைய 28 முதல் 31 வீதத்துக்கு மரநிழல் இருந்தது. 2050க்குள் அதை 40 வீதமாக்குவது இலக்கு. நகரின் மரங்களில் பாதிக்கு மேல் தனியார் வளவுகளில்தான் நிற்கின்றன. பூங்காவில் மட்டும் மரம் நட்டு அந்த இலக்கை எட்ட முடியாது.

எந்த நகரில் எவ்வளவு பருமன்?

ரொறன்ரோவிலும் பிரம்டனிலும் 30 சென்ரிமீற்றர் விட்டம். மார்க்கம், வோன், ரிச்மண்ட் ஹில் மூன்றிலும் 20. மிசிசாகாவிலும் ஓக்வில்லிலும் 15. இந்த அளவை எட்டிய மரத்தை வெட்டவோ பழுதாக்கவோ நகரின் அனுமதி வேண்டும். ஏஜக்ஸ், பிக்கரிங் பக்கம் இருப்பவர்கள் தங்கள் நகரத்தின் விதியைத் தனியாகப் பார்க்க வேண்டும். ரொறன்ரோவின் கணக்கு அங்கே செல்லாது.

வேம்பு, மா என்று இனம் பார்த்து மதிப்பது நம் பழக்கம். இங்கே அப்படியில்லை. ரொறன்ரோவில் எந்த இனத்துக்கும் விலக்கு இல்லை. பின்வளவில் தானாக முளைத்த, யாருக்கும் பிடிக்காத மனிற்றோபா மேப்பிளும் 30 சென்ரிமீற்றரைத் தொட்டால் ஓக் மரத்துக்குச் சமம்.

விட்டத்தை எப்படி அளப்பது? மரத்தைத் துளைத்துப் பார்க்க முடியாதே?

தையல் நாடா போதும். நிலத்திலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில், அதாவது நெஞ்சு மட்டத்தில், தண்டைச் சுற்றி நாடாவைப் பிடியுங்கள். கிடைப்பது சுற்றளவு. அதை 3.14 ஆல் வகுத்தால் விட்டம். கணக்குப் போட விருப்பமில்லை என்றால் மூன்று எண்களை நினைவில் வைத்தால் சரி: சுற்றளவு 94 சென்ரிமீற்றர் என்றால் விட்டம் 30, 63 என்றால் 20, 47 என்றால் 15. மாரியில் அளப்பவர்கள் அடியில் குவிந்திருக்கும் பனியை விலக்கிவிட்டு உண்மையான நிலமட்டத்திலிருந்து அளக்க வேண்டும்.

47 சென்ரிமீற்றர் சுற்றளவு என்பது பெரிய மரமே அல்ல. இரண்டு கைகளாலும் பிடித்தால் விரல் நுனிகள் கொஞ்சம் எட்டாமல் நிற்கும், அவ்வளவுதான். மிசிசாகாவில் புதிதாக வீடு வாங்குபவர்கள் அதிகம் தவறுவது இதில்தான்.

ரொறன்ரோவில் என் மரம் இப்போது 28 சென்ரிமீற்றர். 30 ஆவதற்கு முன் வெட்டிவிடலாமா?

உங்கள் வளவுக்குள்ளேயே நிற்கும் மரம், எல்லையில் இல்லை, பள்ளத்தாக்குப் பகுதி (கீழே ஓடைப் பக்கம் பற்றிய கேள்வியைப் பாருங்கள்) இல்லை என்றால் சட்டப்படி வெட்டலாம். பலர் அதைத்தான் செய்கிறார்கள். இந்த விதியின் ஓட்டையும் அதுதான் என்பது என் எண்ணம். நாளைக்குப் பெரிய மரமாக வரவேண்டியதை 28இலேயே வெட்டத் தூண்டுகிறது. அந்த வகையில் மிசிசாகாவின் 15 கூடுதல் கெடுபிடியாகத் தெரிந்தாலும் அதில் நியாயம் அதிகம். ஆனால் வெட்ட முன், அந்த மரத்தின் நிழல் கோடையில் எந்தச் சுவரில் விழுகிறது என்று ஒரு பின்னேரம் பாருங்கள். மேற்குச் சுவராக இருந்தால் குளிரூட்டிச் செலவில் தெரியும்.

வீட்டுக்கு முன்னால் புற்றரையில் நிற்கும் மரம் என்னுடையதுதானே?

பெரும்பாலும் இல்லை. இதைக் கேட்டுப் பலர் அதிர்ச்சி அடைகிறார்கள். வீதியின் நகரசபைப் பங்கு கறுப்புத் தாரோடு முடிவதில்லை. நடைபாதையைத் தாண்டி உங்கள் புற்றரைக்குள்ளும் சில மீற்றர் வரும். அந்தப் புல்லை நீங்கள்தான் வெட்டுகிறீர்கள், பனியையும் நீங்கள்தான் அள்ளுகிறீர்கள், ஆனால் நிலம் நகரத்தினுடையது. அதில் நிற்கும் மரமும் நகரத்தினுடையது. உண்மையான எல்லை எங்கே என்று அறிய வீடு வாங்கும்போது கிடைத்த சேர்வே வரைபடத்தைப் பாருங்கள்.

நகரத்தின் மரத்துக்கு 30, 20 என்ற அளவெல்லாம் கிடையாது. ரொறன்ரோவில் விரல் பருமன் உள்ள வீதி மரத்தையும் நீங்களாக வெட்ட முடியாது. நல்ல பக்கமும் உண்டு: கிளை கழிப்பது, பட்டால் அகற்றுவது எல்லாம் நகரத்தின் செலவு. நகரத்தின் 311 தொலைபேசி எண்ணுக்கு அழைத்துப் பதிவு செய்தால் வந்து பார்ப்பார்கள். உடனே வருவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். முன்புற்றரையில் மரம் இல்லை என்றால் இலவசமாக ஒன்று நட்டுத் தரும்படியும் கேட்கலாம்.

மரம் வேலியில் நிற்கிறது. பாதி எனக்கு, பாதி பக்கத்து வீட்டுக்காரருக்கு. யார் முடிவெடுப்பது?

இருவரும் சேர்ந்துதான். இது நகரத்துக்கு நகரம் மாறாத விதி, மாகாண வனச் சட்டம். எல்லையில் வளரும் மரம் இரு காணிக்காரர்களுக்கும் பொதுச் சொத்து. ஒருவர் மற்றவரின் சம்மதம் இல்லாமல் வெட்டினாலோ பழுதாக்கினாலோ அது குற்றம். மரத்தின் பருமனையும் சட்டம் பார்க்காது.

"அடி என்னுடைய பக்கம்தான் இருக்கிறது, மேலேதான் கொஞ்சம் சரிந்து அந்தப் பக்கம் போகிறது" என்று வாதிடுபவர்கள் உண்டு. ரொறன்ரோவில் ஒரு மேப்பிள் மரம் பற்றி இதே வாதம் வந்து, 2013இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. தண்டு என்றால் நிலத்தோடு ஒட்டிய அடி மட்டுமல்ல, முதற்கிளை பிரியும் இடம் வரைக்கும் தண்டுதான். அதில் எந்த இடம் எல்லையைத் தாண்டினாலும் மரம் பொது என்று முடிவானது. ஆகவே வேலிக்கு அருகில் நிற்கும் மரத்தை நிமிர்ந்தும் பார்க்க வேண்டும்.

சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். நல்ல அயலவர் என்றாலும் வாங்குங்கள். அவர் வீட்டை விற்றுப் போய்விட்டால் வாய்ச்சொல்லுக்குச் சாட்சி இல்லை. இருவரும் சம்மதித்தாலும், மரம் அளவை எட்டியிருந்தால் நகரத்தின் அனுமதி தனியாக வேண்டும்.

பக்கத்து வீட்டு மரத்தின் கிளை என் கூரைக்கு மேல் நீட்டி நிற்கிறது. அதையாவது வெட்டலாமா?

எல்லைக்கோடு வரைக்கும், உங்கள் செலவில், அவர் காணிக்குள் கால் வைக்காமல் கழிக்கலாம். மரம் பாதிக்கப்படும் அளவுக்கு வெட்டக்கூடாது. வெட்டுமுன் ஒரு சொல் சொல்லிவிடுவது சட்டம் அல்ல, அயல் மரியாதை.

உச்சியை மட்டும் மொட்டையடித்தால்? மரத்தை வெட்டவில்லையே.

அதுவும் பழுதாக்கல்தான். முறைப்படி கிளை கழிப்பதற்கு அனுமதி தேவையில்லை. ஆனால் உச்சியைத் தறிப்பது, வேரை அறுப்பது, தண்டைச் சுற்றிப் பட்டையை உரிப்பது, வேருக்கு மேல் மண்ணைக் கொட்டுவது எல்லாம் வெட்டியதற்குச் சமமாகவே பார்க்கப்படும். அடியில் எதையோ ஊற்றிப் பட வைக்கலாம் என்ற யோசனையையும் விட்டுவிடுங்கள். மர வல்லுநர் வந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

மரம் பட்டுப்போய்விட்டது. அதற்கும் அனுமதியா?

ரொறன்ரோவில் பட்ட மரத்துக்கும், இனித் தேறாத நோய் பிடித்த மரத்துக்கும், உடனே விழக்கூடிய மரத்துக்கும் பெர்மிற் தேவையில்லை. ஆனால் "இது விலக்குக்கு உட்பட்டது" என்பதை நகரம் உறுதிப்படுத்த வேண்டும். படங்களை அனுப்பி, பதில் கடிதம் வந்த பிறகு வெட்டுவதுதான் பாதுகாப்பு. வெட்டிக் குற்றியாக்கிய பிறகு பட்ட மரம் என்று நிரூபிப்பது கடினம்.

பட்ட மரம் என்றால் இங்கே பெரும்பாலும் ஆஷ் மரம். ஆசியாவிலிருந்து வந்த மரகதப் பச்சை நிற வண்டு ஒன்று 2007இல் ரொறன்ரோவில் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குப் பிறகு நகரின் ஆஷ் மரங்கள் வரிசையாகப் பட்டன. பட்டையைக் கிட்ட நின்று பாருங்கள். மூன்று நான்கு மில்லிமீற்றர் அகலத்தில், ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் வளைவாகவும், ஆங்கில 'டி' எழுத்துப் போல ஓட்டைகள் இருந்தால் வண்டு வெளியேறிய வழி அது. பட்டையை விரலால் நெம்பினால் உள்ளே பாம்பு ஊர்ந்த தடம் மாதிரி வளைந்து வளைந்து கோடுகள் தெரியும். பட்ட ஆஷ் மரம் விரைவில் நொறுங்கத் தொடங்கும், அதன்மேல் ஏற வெட்டுபவர்களே தயங்குவார்கள். தள்ளிப் போடப் போடக் கூலி கூடும்.

காற்றுக்கு ஆடுகிறது, பயமாக இருக்கிறது. இது ஆபத்தான மரம் ஆகாதா?

2013 டிசெம்பர் உறைமழையையும் 2022 மே மாதப் புயலையும் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் வருவது நியாயம். ஆனால் ஆடுவது மட்டும் ஆபத்துக்குச் சான்று அல்ல. தண்டில் பிளவு, அடியில் காளான், ஒரு பக்கம் வேர் மேலே கிளம்பி நிற்பது, திடீரெனச் சரிவு என்பவை சான்று. தகுதி பெற்ற மர வல்லுநரை, இங்கே சொல்வதென்றால் ஆர்போரிஸ்ற்றை, அழைத்து அறிக்கை வாங்குங்கள். அறிக்கை எழுதுபவரும் வெட்டுபவரும் ஒரே ஆளாக இல்லாமல் இருந்தால் நல்லது.

வேறு என்ன காரணங்களை ஏற்கமாட்டார்கள்?

இலை கொட்டி வாய்க்கால் அடைக்கிறது, பிசின் காரில் விழுகிறது, அணில் வருகிறது, தக்காளிக்கு வெயில் படவில்லை. இவை எதுவும் நல்ல மரத்தை வெட்டக் காரணம் ஆகாது. வேர் அத்திவாரத்தை உடைக்கிறது என்றால் வாயால் சொன்னால் போதாது, அறிக்கை வேண்டும். பழைய வீடுகளில் களிமண் கழிவுக் குழாய் ஏற்கெனவே வெடித்திருக்கும். அந்த ஈரத்தைத் தேடித்தான் வேர் உள்ளே போகிறது. குழாயை மாற்றாமல் மரத்தை மட்டும் வெட்டினால் அடுத்த மரத்தின் வேர் வரும்.

ரொறன்ரோவில் விண்ணப்பித்தால் என்ன நடக்கும்?

விண்ணப்பம், மர வல்லுநரின் அறிக்கை, மரம் நிற்கும் இடத்தைக் காட்டும் வரைபடம், படங்கள், கட்டணம். கட்டணம் ஆண்டுதோறும் மாறுவதால் நகரத்தின் இணையத்தளத்தில் பாருங்கள். வீடு கட்டுவதற்காக வெட்டுவது என்றால் கட்டணம் பல மடங்கு. நல்ல மரத்தை வெட்டக் கேட்டால் வீட்டு முன்னால் 14 நாள் ஓர் அறிவித்தல் பலகை நிற்கும், வட்டாரக் கவுன்சிலருக்கும் தெரிவிக்கப்படும். வீதியில் நாயோடு நடப்பவர்கள் எல்லாம் வாசிப்பார்கள், சிலர் எதிர்ப்பும் எழுதுவார்கள். மறுத்துவிட்டால் சமூக சபைக்கு, அதாவது உங்கள் பகுதிக் கவுன்சிலர்கள் கூடும் சபைக்கு, மேன்முறையீடு செய்யலாம். கிடைத்தால் பதிலுக்கு மரம் நட வேண்டும், அல்லது அதற்கான பணத்தைக் கட்ட வேண்டும். மற்ற நகரங்களிலும் நடைமுறை ஏறக்குறைய இதே தடம்தான்.

பின்வளவில் சின்ன வீடு ஒன்று கட்டி வாடகைக்கு விட யோசனை. மரம் தடையாகுமா?

ஆகலாம். ரொறன்ரோ 2022இல் பின்வளவு வீடுகளுக்கு அனுமதி கொடுத்த பிறகு இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. மரத்தை வெட்டாவிட்டாலும் அதைச் சுற்றி ஒரு காப்பு வட்டம் விட வேண்டும். 30 முதல் 40 சென்ரிமீற்றர் மரத்துக்கு அது குறைந்தது 2.4 மீற்றர், மரம் பருக்கப் பருக்கக் கூடும். அந்த வட்டத்துக்குள் தோண்டுவதும் சாமான் அடுக்குவதும் வாகனம் நிறுத்துவதும் கூடாது. உங்கள் மரம் மட்டுமல்ல, வேலிக்கு அப்பால் 6 மீற்றருக்குள் நிற்கும் அயலவர் மரங்களும் கணக்கில் வரும். வரைபடக்காரருக்குப் பணம் கொடுப்பதற்கு முன் மர வல்லுநரைக் கூப்பிடுங்கள். ட்ரைவ்வேயை அகலப்படுத்துபவர்களுக்கும் இதே கதைதான், அங்கே குறுக்கே நிற்பது நகரத்தின் மரமாக இருக்கும்.

எங்கள் வளவு ஓடைப் பக்கம் சரிகிறது. ஏதாவது வித்தியாசம் உண்டா?

உண்டு, பெரிய வித்தியாசம். ஸ்காபரோவில் ஹைலண்ட் கிரீக், ரூஜ் ஆற்றுப் பக்க வீடுகள் பல ரொறன்ரோவின் பள்ளத்தாக்குப் பாதுகாப்பு விதிக்குள் வருகின்றன. அங்கே எந்தப் பருமன் மரத்துக்கும் அனுமதி வேண்டும். மண் நிரப்பி நிலத்தை உயர்த்துவதற்கும் வேண்டும். உங்கள் முகவரி அதற்குள் வருகிறதா என்று நகரத்தின் வரைபடத்தில் பார்க்கலாம்.

மிசிசாகாவில் வருடத்துக்கு இரண்டு மரம் கேட்காமல் வெட்டலாம் என்கிறார்களே?

அது பழைய விதி. 2023 மார்ச் 1 முதல் இல்லை. இப்போது ஒரே ஒரு மரம் என்றாலும், 15 சென்ரிமீற்றர் இருந்தால் அனுமதி வேண்டும்.

கதவைத் தட்டி வந்த ஆள் "பெர்மிற் ஒன்றும் தேவையில்லை, இன்றைக்கே வெட்டித் தருகிறேன்" என்றார். நம்பலாமா?

வெட்டிவிட்டு அவர் போய்விடுவார், அதிகாரி வருவது உங்கள் வீட்டுக்கு. ரொறன்ரோவில் தண்டம் ஒரு மரத்துக்குக் குறைந்தது 500 டொலர், கூடியது 100,000 டொலர். நான்கு மரம் என்றால் நான்கு தரம். வேலைக்கு எடுப்பவரிடம் பொறுப்புக் காப்புறுதியும் தொழிலாளர் விபத்துக் காப்புறுதியும் இருக்கிறதா என்று கேளுங்கள். கையில் வாளோடு உயரத்தில் நிற்கும் ஆளுக்கு உங்கள் வளவில் ஏதாவது நடந்தால் அந்தக் கடதாசிதான் உங்களைக் காப்பாற்றும். மின்கம்பிக்கு 3 மீற்றருக்குள் மரம் இருந்தால் சாதாரண வெட்டுக்காரர் கை வைக்கவே கூடாது, மின் நிறுவனத்தைத்தான் அழைக்க வேண்டும். அடிக்கட்டையை அரைத்தெடுப்பதற்கு முன் ஒன்ராறியோ வன் கோலுக்குச் சொல்லி நிலத்தடிக் குழாய்களைக் குறிக்கச் செய்யுங்கள். அது இலவசம்.

வெட்டுவதற்கு நல்ல காலம் எது?

இலை இல்லாத மாரி. ஏப்ரல் முதல் ஓகஸ்ற் வரை பறவைகள் கூடு கட்டும் காலம். முட்டையோ குஞ்சோ இருக்கும் கூட்டைக் கலைப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம், நகரத்தின் பெர்மிற் கையில் இருந்தாலும் குற்றம்தான். ஓக் மரத்துக்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. ஓக் வாடல் நோய் 2023இல் நயாகரா ஃபோல்ஸ் பகுதியில் கண்டறியப்பட்டது. கோடையில் வெட்டிய புதுக்காயத்துக்கு வரும் வண்டுகள் அதைப் பரப்பும்.

மரத்துக்காக நகரம் வீட்டையே வாங்கியதாமே?

உண்மைதான். நோர்த் யோர்க்கில் கோரல் கேபிள் டிரைவில் ஒரு செந்நிற ஓக் நிற்கிறது. தண்டின் சுற்றளவு 5 மீற்றர் அளவு, வயது 250க்கு மேல் என்று கணிப்பு. பின்னால் வந்த வீடு அதை ஒட்டியே கட்டப்பட்டிருந்தது. வீட்டை வாங்கும் திட்டத்துக்கு 860,000 டொலர் வேண்டியிருந்தது. பாதியை, அதாவது 430,000 டொலரை, நன்கொடையாகத் திரட்டினால் மீதியைத் தருவதாக நகரசபை சொன்னது. 2020 முடிவுக்குள் பணம் சேர்ந்தது. வீட்டை அகற்றி, மரத்தைச் சுற்றிச் சிறு பூங்கா அமைப்பது அப்போதைய திட்டம். உங்கள் பின்வளவு மேப்பிளுக்கு இப்படி நடக்காது, பயப்பட வேண்டாம்.

யாழ்ப்பாணத்தில் காணி இருக்கிறது. அங்கேயும் அனுமதி வேண்டுமா?

சில மரங்களுக்கு வேண்டும். இலங்கையின் 1951ஆம் ஆண்டு மரம் வெட்டல் கட்டுப்பாட்டுச் சட்டம் விட்டத்தை அல்ல, இனத்தைப் பார்க்கிறது: பலா, ஈரப்பலா, பெண் பனை. பசிக்கு உதவும் மரங்கள் என்பதுதான் இவற்றுக்குள்ள ஒற்றுமை. உங்கள் சொந்தக் காணியில் நின்றாலும் பிரதேச செயலாளரின் அனுமதி பெற வேண்டும், விண்ணப்பம் கிராம அலுவலர் ஊடாகப் போகும். கனடாவிலிருந்து தொலைபேசியில் "காணியைத் துப்புரவாக்கு" என்று சொல்லுமுன், அதில் எத்தனை பனை நிற்கிறது, அதில் எவை பெண் பனை என்று அங்கே இருப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.